தாண்டி வாசித்த பெயர்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக மறைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரே இதை வாசித்தால், "பேரில்லாத மனிசரைப் பற்றி என்னத்தையடா எழுதிக் கிழிக்கிறாய்?" என்று என்னைத்தான் ஏசுவார். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

அவர் என் பெரியம்மாவின் மகள். பெரியம்மா இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அவரை வளர்த்தது என் அம்மா. யாழ்ப்பாணத்தில் இந்த உறவைப் பெறாமகள் என்போம். அம்மா அவருக்கு ஓரவஞ்சனை எதுவும் காட்டியதில்லை. எங்களுக்கு விழுந்த அடியில் ஒன்றும் குறையாமல் அவருக்கும் விழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து இறங்கியபோது அக்கா எனக்கு முன்பே அங்கே இருந்தார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "என்ரை பேரே ஒரு முழம் நீளம். அதுக்குப் பின்னாலை இன்னொருத்தரின்ரை பேரைக் கட்ட இடமில்லை" என்பார்.

ஆள் ஐந்தடிக்கும் குறைவு. யாரோ கொடுத்த ஆண்கள் கோட்டு ஒன்றைக் குளிருக்குப் போட்டுக்கொண்டு வந்தால் கைவிரல்கள் வெளியே தெரியாது. தோள்பையில் எப்போதும் ஒரு நீலப் பேனையும் ஒரு கொப்பியும் இருக்கும். அந்தக் கொப்பியில் பலெர்மோவில் அவருக்குத் தெரிந்த எல்லோருடைய பெயரும் இருந்தது, முழுப்பெயராக. என்னை எல்லோரும் சுந்தரம் என்பார்கள். நான் வேலை செய்த வீட்டில் அதுவும் வாயில் நுழையாமல் 'சாந்தோ' ஆக்கிவிட்டார்கள். அக்கா மட்டும் தேநீர் தரும்போதும், ஏசும்போதும், பஸ்ஸில் மறு கோடியில் நின்று கூப்பிடும்போதும் சிவஞானசுந்தரம் என்று முழுதாகத்தான் சொல்வார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவர் ஒரேத்தோ என்ற பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுச் சினியோரா, வீட்டுக்கார அம்மா, முதல் நாளே, "உன் பெயர் எனக்கு வராது, மரியா என்று கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். மொரீஷியசிலிருந்து வந்தவளோ வல்வெட்டித்துறையிலிருந்து வந்தவளோ, அந்த ஊரில் வீட்டுவேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒன்றில் மரியா, இல்லாவிட்டால் ரோசா. அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மரியா என்று கூப்பிட்டால் திரும்பவில்லை, அவ்வளவுதான். சினியோரா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, காது டாக்டரிடம் கூட்டிப்போகப் புறப்பட்டாராம். மூன்றாம் நாள் அக்கா தன் பெயரை இத்தாலிய எழுத்தில் மூன்று துண்டாகப் பிரித்து எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் சினியோரா அதைப் படித்தார். ஒரு கிழமையில் பெயர் வந்துவிட்டது.

"வேலை போயிருந்தா என்ன செய்திருப்பியள் அக்கா?" என்று கேட்டேன்.

"வேலை போனா இன்னொரு வேலை தேடலாம்" என்றார். பிறகு கறிக்கு உப்புப் பார்த்தார்.

அப்போது நாங்கள் வியா மக்வேதாவிலிருந்து இறங்கும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் இருந்தோம். நாலு அறை, பதினொரு பேர். தெருவாசலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணிப்பொத்தான், பக்கத்தில் பெயர் எழுத விரலகலத் தாள். அழுத்தினால் மேலே ஒலிவாங்கியில் பேசலாம். வேறு வீடுகளில் எங்கள் ஆட்கள் ஒரு பெயரை எழுதிவிட்டு அதற்குள் பத்துப் பேர் ஒளிந்திருப்பார்கள். அக்கா எறும்பு எழுத்தில் பதினொரு பெயரையும் அந்தத் தாளுக்குள் அடக்கிவிட்டார். தபால்காரர் ஒருநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சினியோரா, இது பெயரா, தொடர்கதையா? நாலைந்து பேரைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டார். அக்கா இத்தாலியனில் இரண்டே சொல்லில் பதில் சொன்னார். "தூத்தி வீவி." எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். தபால்காரர் சிரித்தார். நாங்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் அவருடைய பெரிய வேலை செத்தவர்களின் பட்டியல்தான். ஊரில் யாராவது இறந்தால் எங்களால் போக முடியாது. யுத்தம், பாதையில்லை, பலருக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிடத் தாளும் இல்லை. செய்தியே கொழும்பைச் சுற்றிப் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் வரும். இங்கே செய்யக்கூடியது முப்பத்தோராம் நாள் காரியமும், ஒரு மரண அறிவித்தலும். அதைப் படியெடுத்துத் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டுவோம். எங்கள் மரண அறிவித்தலை வாசித்தவர்களுக்குத் தெரியும், அதில் செத்தவரைப் பற்றி அதிகம் இராது. காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று உறவு முழுக்க வரிசையாக வரும். உயிரோடு இருப்பவரைக் காலஞ்சென்றவரோடு சேர்த்துவிட்டால் அன்றைக்கே சண்டை. ஒருவரை விட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சண்டை. அக்கா ஞாயிற்றுக்கிழமை மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, வந்தவர்களைத் துருவித் துருவிக் கேட்டு, ஒருவரும் விடுபடாமல் எழுதுவார்.

ஒருமுறை ஒருவர் தன் தகப்பனின் அறிவித்தலுக்கு வந்தார். கடைசித் தம்பி சாதி மாறிக் கலியாணம் கட்டியவன்.

"அவனைப் போடாதேங்கோ. அவன் எங்களுக்கு ஆளில்லை."

"செத்தது ஆர்? உங்கட அப்பாதானே? அவன் தன்ரை பிள்ளையில்லை எண்டு அவர் ஆருக்காவது சொன்னவரே?"

"அவர் சொல்லேல்லை. நாங்கள் சொல்லுறம்."

அக்கா பேனையை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பருப்புக் கழுவத் தொடங்கிவிட்டார். அந்த மனிதர் ஒரு மணித்தியாலம் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாருக்கும் அந்த வரிசை ஒழுங்காக எழுத வராது. கடைசியில், "சரி, அந்த நாயையும் போடுங்கோ" என்றார். "நாய் எண்டு போடேலாது. முழுப்பேரைச் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

இனி என் தங்கச்சியின் கதைக்கு வரவேண்டும். வராமல் தப்ப முடியாது.

தங்கச்சியும் புருசனும் பிரான்காச்சோவில், நகரின் கிழக்கு ஓரத்து அடுக்குமாடி ஒன்றில் இருந்தார்கள். ஒருநாள் அக்கா பஸ் எடுத்துத் தங்கச்சியைப் பார்க்கப் போனார். கதவு திறக்க நேரம் எடுத்ததாம். திறந்த தங்கச்சிக்கு ஒரு கண் மூடியிருந்ததாம், காதிலிருந்து இரத்தம். அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கும் போனார். அன்றைக்கு மச்சானைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவனுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம் அது, அதுவும் நின்றுபோனது. நாலாம் நாள் தங்கச்சி போய், "நான் படியிலை விழுந்தனான், அக்காதான் இழுத்துக்கொண்டு போனவ" என்று எழுதிக் கொடுத்தாள். மச்சான் வெளியே வந்தான்.

அடிச்சது பிழை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆளை வெள்ளைக்காரப் பொலிசிடம் பிடித்துக் கொடுத்தது பிழை என்று எல்லோரும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் நாலு பேர் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீர் அந்தப் பிள்ளையின்ரை தமையன். அவன் அடிக்கிறதை நீர் எப்பவாவது கண்டனீரோ?"

அதற்கு ஒரு மாதம் முன்பு தங்கச்சி எனக்குச் சோறு போடும்போது அவள் மணிக்கட்டில் நாலு விரல் அடையாளம் நீலமாக இருந்ததைக் கண்டேன். கண்டும் சோற்றைச் சாப்பிட்டேன்.

"நான் ஒண்டும் காணேல்லை" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பி, "சிவஞானசுந்தரம்" என்றார். கோபம் இல்லை. கொப்பியில் சரிபார்க்கிறவர் போல ஒருமுறை சொன்னார்.

அதன்பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் சரியாக விளக்க முடியவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவரை ஒதுக்கி வைத்ததாக அறிவிக்கவில்லை. பெயரைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்கள். 'அந்த ஆள்' என்றார்கள், பிறகு 'ஒரேத்தோவிலை இருக்கிறது' என்றார்கள், பிறகு கையை அந்தத் திசைக்குக் காட்டினார்கள். எங்களில் கலியாணம், பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் எதற்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லுகிற வழக்கம் உண்டு. சொல்லாவிட்டால் வரவேண்டாம் என்று அர்த்தம். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு பையோடு ஒரேத்தோவுக்கே போய்ச் சினியோரா வீட்டின் சமையலறைக்குப் பக்கத்து அறையில் தங்கிவிட்டார். அடுத்த கிழமை தெருவாசலில் பார்த்தேன். மணிப்பொத்தான் தாளில் அவர் பெயர் இருந்த வரியை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். மேலும் கீழும் மற்றப் பெயர்கள் அப்படியே இருந்தன. அவர் எழுதிய அதே எழுத்தில்.

நான் வேலை செய்த வீட்டில் நான் பார்த்துக்கொண்ட கிழவர் லத்தீன் வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர். படுக்கையில்தான் எல்லாம், வாய் மட்டும் ஓயவில்லை. ஒரு மத்தியானம் நான் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் யாரோ அரசியல்வாதியைக் காட்ட, "இஞ்ஞொமீனியா!" என்று கத்தினார். சூப் என் சட்டையில் தெறித்தது. என்ன சொல் இது என்று கேட்டேன்.

"மானக்கேடு. ஊர் முன்னால் வருகிற மானக்கேடு. 'நோமே' என்றால் பெயர், தெரியும்தானே? அதன் முன்னால் 'இல்லை' என்று சேர்த்தால் இந்தச் சொல். பெயர் இல்லாமல் போதல்."

"பெயர் எப்படி இல்லாமல் போகும், ப்ரொபெஸ்ஸோரே?"

கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய ரோமில் மேற்சபை ஆட்களின் பட்டியலைப் பார்க்க இரண்டு அதிகாரிகள் இருந்தார்களாம். எல்லோருக்கும் முன்னால் அதைச் சத்தமாக வாசிப்பார்களாம். ஒருவனைத் தள்ளவேண்டும் என்றால் வழக்கு வைப்பதில்லை, குற்றம் சொல்வதில்லை. வாசிக்கும்போது அவன் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவன் அங்கேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"உங்கள் பாஷையில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

யோசித்துவிட்டு, "பெயர் கெட்டுப்போய்விட்டது என்போம்" என்றேன்.

"கெட்டாலும் பெயர் இருக்கிறதே! நீங்கள் இரக்கமுள்ள ஜனங்கள், சாந்தோ" என்று சொல்லி வாயைத் திறந்தார். அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

அதற்கு இரண்டு மாதத்தில் அம்மா இறந்துவிட்டார். இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், காய்ச்சலில். செய்தி வரும்போது எரித்துப் பத்து நாள். அக்காவுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அறிவித்தலை நானே எழுத வேண்டியதாயிற்று. பிரான்காச்சோவில் தங்கச்சி வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அம்மாவின் தாய் தகப்பன், அப்பா, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். அடியில் 'தகவல்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு ஒரு வரி மிச்சம். சிறியதாயார் என்ற உறவு. அம்மாவை அப்படிச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். நான் அந்த வரியைத் தொடங்கிவிட்டேன். முதல் எழுத்தும் போட்டுவிட்டேன்.

மச்சான் பின்னால் வந்து நின்றான். "அந்தப் பேர் வந்தா நாங்கள் முப்பத்தொண்டுக்கு வரமாட்டம்" என்றான். "உன்ரை தங்கச்சியும் வரமாட்டாள். நான் விடமாட்டன்."

தங்கச்சி தேநீர்க் கோப்பையோடு அறை வாசலில் நின்றாள். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"எழுதாதை அண்ணை" என்றாள். "எனக்காண்டி."

அம்மாவின் காரியத்துக்கு மகள் வரவேண்டும். வராமல் அந்த வீட்டுக்குள் கிடந்தால் அவளுக்கு என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் இதை எழுதும்போது பொய் சொல்லக்கூடாது. பேனையால் அந்த எழுத்தை அடித்தபோது எனக்குள் ஒரு நிம்மதியும் வந்தது, இனி யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள் என்று. கிழவர் சொன்ன சொல் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே செய்தேன். மச்சான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, 'தகவல்' என்ற இடத்தில் ஒரு ஆளின் பெயர் போட்டால் மற்றவர்களுக்குக் குறையாக இருக்கும், 'குடும்பத்தினர்' என்று போடு என்றான். அதையும் மாற்றினேன்.

அறிவித்தல் நாலு நாள் தமிழ்க்கடைக் கண்ணாடியில் இருந்தது. பலெர்மோவில் உள்ள எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேரும் வந்து வாசித்தார்கள். வாசித்துவிட்டு என் தோளில் தட்டினார்கள். எல்லோருடைய கண்ணும் எந்த வரியைத் தேடியது என்று எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் பின்னேரம் நான் கடைக்குள் அரிசி மூட்டைப் பக்கம் நின்றேன். வெளியே அக்கா வந்தார். வெயிலிலும் அந்தக் கோட்டுக் கையில் மடித்தபடி இருந்தது. கண்ணாடிக்கு அருகே வந்து, ஒரு விரலை வைத்து, முதல் வரியிலிருந்து வாசித்தார். உதடு அசைந்தது. அம்மாவின் பெயரில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கடைசி வரி வரைக்கும் போய், மறுபடி மேலே வந்து, இரண்டாம் தரம் வாசித்தார். நான் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நாற்பது வயதுக்குக் கிட்டிய மனிதன், குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் பையைத் திறந்து நீலப் பேனையை எடுத்தார். தாள் கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்தது. எழுதினார். எழுதட்டும், தன் பெயரைத் தானே எழுதிவிடட்டும், எனக்கும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். கைகூடக் கூப்பினேன். பேனையை மூடி வைத்துவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

கடைக்காரர்தான் முதலில் வெளியே போய்ப் பார்த்தார். "இஞ்சை வாரும்" என்று என்னைக் கூப்பிட்டார். "நாலு நாளா ஒருத்தரும் இதைக் காணேல்லையே?"

பிள்ளைகளின் வரியில், ஜெர்மனியில் இருக்கிற என் அண்ணையின் பெயருக்கும் தங்கச்சியின் பெயருக்கும் நடுவில், விடுபட்டதைச் செருகுகிற ஒரு சிறிய கூரைக் குறி. அதன்மேல் எறும்பு எழுத்தில், சிவஞானசுந்தரம் (இத்தாலி). அடியில் தகவலில் வருகிறேன்தானே என்று பிள்ளைகளின் வரியில் என்னை நான் போடவில்லை. தகவலை மாற்றியபோது அங்கேயும் இல்லாமல் போனேன். தன் தாயின் அறிவித்தலில் தன்னையே விட்டுவிட்ட மகன். அவ்வளவு பேர் வாசித்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை, எல்லோரும் வேறொரு பெயர் இல்லாததைப் பார்த்து முடித்துவிட்டார்கள். தாளில் வேறு எங்கும் அக்கா கை வைக்கவில்லை. சிறியதாயார் என்ற வரி இல்லாமலே இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரேத்தோவுக்குப் போனேன். சினியோரா வீட்டு மணிப்பொத்தான் பக்கத்தில் பித்தளையில் அந்தக் குடும்பத்தின் பெயர், அதன் கீழே ஒரு துண்டுத் தாளில் நீல மையில் அக்காவின் முழுப்பெயர். அழுத்தினேன்.

"கி யே?" என்றது அவர் குரல். யார்?

வீட்டுவேலைக்காரர் ஒவ்வொரு நாளும் கேட்டும் சொல்லியும் பழகிய கேள்வி. எனக்கு வாய் திறக்கவில்லை. முதலில் நாக்கில் வந்தது சாந்தோ என்ற பெயர்தான், அதை விழுங்கினேன். "கி யே?" என்றார் மறுபடியும். கரகரப்புக்குள் அவர் மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் கழித்துத் தமிழில் கேட்டார்.

"சிவஞானசுந்தரமே?"

நான் நின்றேன்.

"ஓம் எண்டு சொல்லு. கதவைத் திறக்கிறன்."

ஓர் உயிரெழுத்தும் ஒரு மெய்யும். அதை நான் சொல்லவில்லை. அவர் ஒலிவாங்கியை வைக்கவில்லை, நான்தான் நடந்தேன். அந்த மாரிகாலத்துக்குள் அவர் சினியோராவின் மகளோடு வடக்கே எங்கோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். விலாசம் யாரிடமும் இல்லை. கேட்பதென்றால் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். தங்கச்சி இன்னும் அவனோடுதான் இருக்கிறாள்.

அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். அந்த வாசலில் நின்று அக்கா என்றுகூடக் கூப்பிடாதவன், இத்தனை வருடம் கழித்து, அவருக்குக் கேட்காத இடத்தில் அவர் பெயரை எழுதி நல்லபிள்ளையாகப் பார்ப்பது எனக்கே பொறுக்கவில்லை. எனக்கு வேறொரு பழக்கம் வந்துவிட்டது. யார் வீட்டு மணியை அழுத்தினாலும், உள்ளே கேட்பதற்கு முன்பே, சிவஞானசுந்தரம் என்று முழுதாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன். பாதி சொல்வதற்குள் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.